காகிதமில்லாத பிரிவு

(மலேசியாவின் பாகான் செராயில் குடும்பச் சட்டம் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வாசல் ஓரமாக நிற்கிற தம்பிமார்கள் உள்ளே வந்து உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது. விவாகரத்து என்று நோட்டீஸில் போட்டால் நம் ஆட்கள் கூட்டத்துக்கு வருவார்கள், ஆனால் உட்கார மாட்டார்கள். "சும்மா அந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்ல வசதியாக நின்றுகொண்டே கேட்பார்கள்.

என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். "லாயரம்மா, டைவர்ஸ் எல்லாம் வேணாம். பிரிச்சு மட்டும் விட்டுடுங்க." பெரும்பாலும் பெண்ணின் தாயார்தான் இதைச் சொல்வார். பெண் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பிரித்து மட்டும் விடுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமணம், விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம், அதாவது 164ஆம் எண் சட்டம், முஸ்லிம் அல்லாத நம் எல்லாருக்கும் பொருந்துவது. அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று விவாகரத்து. இன்னொன்று, திருமணம் அப்படியே நிற்க, சேர்ந்து வாழும் கடமையை மட்டும் நீதிமன்றம் எடுத்துவிடுவது. ஆங்கிலத்தில் ஜூடிஷியல் செப்பரேஷன் என்பார்கள். இன்று நான் அதைப் பிரிவாணை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஆனால் அந்தத் தாயார் கேட்பது இந்த இரண்டையுமே அல்ல. அவர் மனத்தில் இருப்பது மூன்றாவது ஒன்று. மகள் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். மருமகன் எங்கேயோ இருப்பான். யாராவது கேட்டால், "கொஞ்ச நாளா ஒதுங்கி இருக்காங்க" என்று பதில். கொஞ்ச நாள் என்பது ஐந்து வருடம், பத்து வருடம், பிள்ளை எஸ்.பி.எம். தேர்வு எழுதும் வரைக்கும் நீளும். எந்த ஆணையும் கிடையாது, எந்தக் கையெழுத்தும் கிடையாது. இந்தக் கிரியான் வட்டாரத்தில் நான் பார்த்தவரை, விவாகரத்துப் பெற்றவர்களை விடவும் பிரிவாணை பெற்றவர்களை விடவும் இப்படிக் காகிதமே இல்லாமல் பிரிந்திருப்பவர்கள்தான் அதிகம். இன்றைக்கு எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: விவாகரத்தா பிரிவாணையா என்று யோசிப்பது நல்லது, இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்களுக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும். இரண்டும் வேண்டாம் என்று காலத்தை ஓட்டுவதுதான் ஆபத்து.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், ஊகிக்க வேண்டாம். ஓர் அம்மா. தோட்டத்தில் பிறந்து, பிறை பக்கம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அதிகாலை இருட்டில் ஃபேக்டரி பஸ் ஏறி, சாயங்காலம் திரும்பி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கணவர் குடி, அப்புறம் வேறொரு பெண், அப்புறம் ஆளே இல்லை. அந்த அம்மா விவாகரத்துக் கேட்கவில்லை. சொந்தக் காசில், சொந்தப் பெயரில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். உயில் எழுதவில்லை. நம்மில் யார் எழுதுகிறோம்? ஐம்பது சொச்சம் வயதில் திடீரென்று இறந்துபோனார். சாவு வீட்டில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொள்ளி வைக்க முன்னால் வந்து நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பத்து வருடத்துக்கு மேல் ஒரு வெள்ளிகூட அனுப்பாத அதே கணவர்.

கொள்ளியோடு போயிருந்தால் பரவாயில்லை. உயில் இல்லாமல் இறந்தால் சொத்தை 1958ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கும். கணவர், பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் உயிரோடு இருந்தால் கணவருக்கு நாலில் ஒரு பங்கு, பெற்றோருக்கு நாலில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு. வீட்டின் மதிப்பு 1,20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவின் வயதான தாயார் இருந்தார். ஆக, ஓடிப்போன கணவருக்கு 30,000 வெள்ளி. வளர்த்த தாயாருக்கும் அதே 30,000. சட்டத்தின் கண்ணில் அவர் கணவர், அவ்வளவுதான். எத்தனை வருடம் காணாமல் போனார் என்று அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் கிடையாது. 1997இல் வந்த திருத்தத்துக்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். அப்போது உயில் எழுதாமல் இறக்கும் மனைவியின் சொத்து முழுவதும் கணவருக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஆண்களுக்கும் இதே வலை உண்டு. மனைவி பிரிந்து போய்விட்டாள், நாலு வருடம் ஆகிவிட்டது, இனி என்ன என்று கோயிலில் மாலை மாற்றி இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் திருமணம் உயிரோடு இருக்கும்போது இரண்டாவது செல்லாது. குற்றவியல் சட்டத்தின் 494ஆவது செக்‌ஷன்படி அது இருமணக் குற்றமும்கூட. பாவம், அந்த இரண்டாவது பெண். அவர் இருபது வருடம் சோறு பொங்கிப் போட்டிருந்தாலும், அந்த மனிதர் உயில் இல்லாமல் இறந்தால் அவருக்கு வாரிசு உரிமை இல்லை என்று 164ஆம் சட்டம் பச்சையாக எழுதி வைத்திருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நம் பாட்டிமாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் சட்டம் கதவைத் திறந்து வைக்கவே இல்லை. கிரியானில் முதலில் கரும்புத் தோட்டம், பிறகு ரப்பர். கப்பலில் வந்து குலாவிலும் களும்பாங்கிலும் லயத்தில் குடியேறியவர்களுக்குக் கல்யாணம் என்றால் மாரியம்மன் கோயிலில் தாலி, சாட்சிக்கு மண்டோர், பெயர் எழுதக் கிராணி. முறிந்தால் பஞ்சாயத்து, அதற்கும் மேலே தோட்டத்துத் துரை. பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டப் பெண்களைப் பற்றி வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அன்றைய பெண்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருந்தார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த நினைப்பை அது நன்றாக அசைத்துப் பார்க்கிறது. பிடிக்காத கணவனை விட்டு வெளியேறியவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களிடம் இல்லாதது துணிச்சல் அல்ல, காகிதம்.

1952ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என்ற முறையில் நடந்த திருமணங்களுக்குத்தான் பயன்பட்டது. பலதாரத்துக்கு இடம் கொடுத்த பழக்கவழக்கத் திருமணங்கள் அதற்கு வெளியே நின்றன. கோயிலில் தாலி கட்டிய தோட்டத்துப் பெண் நீதிமன்றத்துக்குப் போய் "என்னை விடுவியுங்கள்" என்று கேட்க வழியில்லை. ஆகவே ஒதுங்கி இருப்பது ஒன்றுதான் அவளுக்கு முறை. 164ஆம் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது இது மாறியது. அதற்கு முன் நடந்து நிலைத்திருந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்பட்டன. ஒருதார முறை எல்லாருக்கும் ஒன்றாயிற்று. மரணம் அல்லது நீதிமன்றம், இந்த இரண்டைத் தவிர வேறு எதனாலும் திருமணம் முடிவுக்கு வராது என்றும் ஆயிற்று. அதனால் இப்போதும் சிலர் கொண்டுவந்து காட்டுகிறார்களே, "இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று தலைவர் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது, அது வெறும் தாள். சத்தியப் பிரமாண அதிகாரியிடம் சீல் வாங்கினாலும் வெறும் தாள்தான். சட்டம் மாறி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, நாம்தான் இன்னும் லயத்துப் பழக்கத்தில் இருக்கிறோம்.

சரி, முதல் வழி, விவாகரத்து. இருவரும் ஒத்துப்போனால் இது பலர் பயப்படுகிற அளவுக்குப் பெரிய விஷயமே இல்லை. செக்‌ஷன் 52. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும், இருவரும் மனமுவந்து கூட்டாக மனுப் போட வேண்டும், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒழுங்கான ஏற்பாடு எழுதப்பட்டிருக்க வேண்டும். யார் குடித்தார், யார் அடித்தார், யார் யாரோடு வாட்ஸ்அப்பில் பேசினார் என்று எதுவும் எழுதத் தேவையில்லை. நான் முதலில் எல்லாரையும் இங்கேதான் கூட்டிக்கொண்டு போகப் பார்ப்பேன்.

ஒருவர் மட்டும் கேட்டால் திருமணம் சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்ட வேண்டும். அதற்கு நாலு வகை நிலைமைகளை செக்‌ஷன் 54 சொல்கிறது. துணை இன்னொருவரோடு உறவு வைத்து, அதைப் பொறுத்துக்கொண்டு வாழ முடியாத நிலை. சேர்ந்து வாழ முடியாதபடியான நடத்தை. இரண்டு வருடத் தொடர்ச்சியான கைவிடல். அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து பிரிந்தே வாழ்ந்திருப்பது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அதற்கு எதிர்த்தரப்பின் சம்மதம் வேண்டுமென்று சட்டம் கேட்கவில்லை. முன்பு சொன்ன அந்த அம்மா, கணவர் காணாமல் போய் இரண்டு வருடம் முடிந்ததுமே மனுப் போட்டிருக்கலாம்.

தனியாக மனுப் போடுவதற்கு முன் ஒரு படி உண்டு. தேசியப் பதிவிலாகா, அதாவது ஜேபிஎன், நடத்தும் திருமண சமரசக் குழுவுக்குப் போக வேண்டும், டிரிபியூனல் என்று சொல்கிறோமே, அது. வழக்கறிஞர்களுக்கு அந்த அறைக்குள் இடமில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்ததுண்டு. கணவன் மனைவி இருவர் கையிலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல், உள்ளே திருமணச் சான்றிதழ், ஐசி நகல். அவர்களுக்கு நடுவில் மூன்று நாற்காலி காலியாக இருக்கும். மாமியார் கார் பார்க்கில் நிற்பார். குழு ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சேர்த்துவைக்க முடியவில்லை என்று சான்றிதழ் கொடுத்தால்தான் நீதிமன்றத்துக்குப் போகலாம். துணை எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, கூப்பிட்டும் வேண்டுமென்றே வரவில்லை, ஐந்து வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்பது போன்ற நிலைகளில் விலக்கு உண்டு. சிலர் இந்தக் குழுவை வெறும் சடங்கு என்று ஏளனம் செய்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டில் கத்தாமல் பேசிப் பல வருடமான இரண்டு பேர், மூன்றாம் மனிதர் முன்னால் ஒரு தடவை முழு வாக்கியம் பேசி முடிப்பதற்கு அது ஒன்றுதான் சந்தர்ப்பம்.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். பேராக்கில் தைப்பிங், ஈப்போ இரண்டிலும் உயர் நீதிமன்றம் உண்டு, நமக்குத் தைப்பிங் பக்கம். தீர்ப்பு வந்த அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். முதலில் வருவது நைசை என்கிற இடைக்கால ஆணை. மூன்று மாதம் கழித்து அது முழு ஆணையாக மாறிய பிறகுதான் நீங்கள் தனி ஆள். நைசை ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபம் புக் பண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாதகம் பார்த்து நாள் குறிப்பதற்கு முன்னால் ஆணையில் தேதியைப் பாருங்கள்.

இரண்டாவது வழி, பிரிவாணை. செக்‌ஷன் 64. காரணங்கள் அதே 54இல் உள்ளவைதான். "சும்மா பிரிச்சு விடுங்க" என்று கேட்டால் நீதிமன்றம் கொடுக்காது, விவாகரத்துக்கு எதை நிரூபிக்க வேண்டுமோ கிட்டத்தட்ட அதையேதான் இங்கேயும் நிரூபிக்க வேண்டும். பலர் நினைப்பதுபோல் இது விவாகரத்தை விட இலேசானது அல்ல. ஆணை கிடைத்தால் சேர்ந்து வாழும் கடமை போய்விடும். "என் பெண்டாட்டி, நான் எப்ப வேணாலும் வருவேன்" என்று கதவைத் தட்டுகிறவரை வரவிடாமல் தடுக்கும் உத்தரவு கேட்கலாம். ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளைகளின் பொறுப்பு யாருக்கு என்று தீர்மானிக்கச் சொல்லலாம். திருமணக் காலத்தில் சேர்த்த சொத்தைப் பிரிக்கச் சொல்லலாம். சொத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் சட்டம் விவாகரத்தையும் பிரிவாணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேசுகிறது. கிடைக்காதது ஒன்றே ஒன்று, மறுமணம். இருவருமே மறுபடி கல்யாணம் செய்ய முடியாது.

விவாகரத்துக்கு இல்லாத சில வசதிகள் இதில் உண்டு. கல்யாணமாகி இரண்டு வருடம் முடியாமல் விவாகரத்து மனுப் போட, விதிவிலக்கான கஷ்டம் என்று நீதிபதியிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பிரிவாணைக்கு அந்த இரண்டு வருடத் தடை கிடையாது. சமரசக் குழுவுக்குப் போயாக வேண்டும் என்ற விதியும் விவாகரத்து மனுவைப் பற்றித்தான் பேசுகிறது. அதே சமயம் ஒரு தொல்லையும் உண்டு: மனுப் போடும்போது இருவருமே மலேசியாவில் வசிக்க வேண்டும். நம் பையன்கள் எத்தனை பேர் ஜொகூர் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள்! தினமும் எல்லை கடந்து போய் வருகிறவர் வேறு. அங்கேயே வீடெடுத்துத் தங்கிவிட்டவர் என்றால் பிரிவாணை மனு வாசலிலேயே தடுக்கிவிடும். விவாகரத்துக்கு அந்த நிபந்தனை இல்லை, நிரந்தர இருப்பிடம் மலேசியாவாக இருந்தால் போதும்.

இந்தப் பிரிவாணை நமக்கு எப்படி வந்தது? இங்கிலாந்தில் திருமண வழக்குகளைத் திருச்சபை நீதிமன்றங்கள் பார்த்துவந்த காலத்தில், தேவன் சேர்த்ததை மனிதன் பிரிக்கக் கூடாது என்பதால், பந்தத்தை அறுக்காமல் பந்தியையும் பாயையும் மட்டும் பிரித்துவிட்டார்கள். 1857இல் அங்கே சாதாரண நீதிமன்றத்தின் கைக்கு வழக்குகள் மாறியபோது அந்த ஏற்பாடு புதுப் பெயரோடு சட்டத்துக்குள் வந்தது. அங்கிருந்து கப்பலேறி இங்கே வந்தது. பாகான் செராயில் நின்று இதைச் சொல்லும்போது எனக்குச் சூசைபாளையம் ஞாபகம் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பின்னாளில் மலாக்கா ஆயராக உயர்ந்த பாதிரியார் ரெனே ஃபே இங்கே தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பை உண்டாக்கினார். அந்தக் குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் முறையாக நிறைவேறிய திருமணத்தை எந்த மனித அதிகாரமும் அழிக்க முடியாது என்கிறது. ஆனால் தக்க காரணம் இருந்தால் பந்தம் நிற்கத் தனித்து வாழ அனுமதிக்கிறது. ஆகவே மனச்சாட்சி விவாகரத்துக்கு இடம் கொடுக்காத ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்குப் பிரிவாணை அளவெடுத்துத் தைத்த சட்டை. அவர் கேட்டு வந்தால் நான் ஒரு நிமிடமும் வாதாட மாட்டேன்.

நம் இந்துக் குடும்பங்கள் கேட்கும்போதுதான் வாதாடுகிறேன். ஏன் என்று கேட்டால் வரும் பதில், "தங்கச்சிக்கு வரன் பாக்குறோம்", "மாமா வீட்டுல தலைகாட்ட முடியாது", "டைவர்ஸிங்குற பேரு வேணாம்". இந்தக் காரணத்துக்காக உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், செலவு செய்து, குற்றச்சாட்டெல்லாம் எழுதி, கடைசியில் பாதிக் கதவு திறந்து வைத்துக்கொள்வதில் என்ன இலாபம்? ஊர் பேசுவது எதனால்? பெண் வீட்டில் இருப்பதால். ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊர் படித்துப் பார்த்துவிட்டா பேசுகிறது? முப்பது வயதுப் பெண்ணுக்குப் பிரிவாணை வாங்கிக் கொடுப்பது, அவள் மறுமணத்துக்குப் பெற்றோரே பூட்டுப் போடுவது. இதை நான் அவர்கள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். ஒரு சிலர் கோபித்துக்கொண்டு வேறு லாயரிடம் போயிருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை.

எப்போது பிரிவாணையை நானே எடுத்துச் சொல்வேன்? கல்யாணமாகி ஆறு மாதத்திலேயே அடி உதை என்று வந்த பெண்ணுக்கு. கணவர் போதை மறுவாழ்வில் இருக்கிறார், திருந்தினால் சேர்ந்து வாழவே ஆசை, ஆனால் அதுவரை சம்பளமும் வீடும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்கிறவருக்கு. பிறகு, வயதானவர்களுக்கு. அறுபது வயதுக்கு மேல் யாரும் மறுமணம் தேடிப் போகவில்லை. கணவர் அரசாங்க ஓய்வூதியக்காரராகவோ சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் உள்ளவராகவோ இருந்தால், விதவைக்கு வரும் உரிமைகள் மனைவி என்ற தகுதியைப் பொறுத்தவை, விவாகரத்தானவர் விதவை ஆவதில்லை. இதைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பிரிவாணை வாங்கியதால் பிறகு விவாகரத்துக் கேட்க முடியாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். செக்‌ஷன் 65 அதைத் தெளிவாகவே சொல்கிறது: அதே காரணத்தை வைத்தே பின்னால் விவாகரத்து மனுப் போடலாம், முதல் ஆணையைச் சான்றாகவும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு அங்குள்ள சட்டத்தை இங்கே கேட்பவர்கள் உண்டு. அங்கே 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், பிரிவாணைக்குப் பிறகு ஒரு வருடம் சேர்ந்து வாழவில்லையென்றால் அதையே காரணமாக வைத்து இருவரில் யாரும் விவாகரத்துக் கேட்கலாம். பிரிவாணை அங்கே விவாகரத்துக்குப் போகும் வழியில் ஒரு ஸ்டேஷன் மாதிரி. நம் சட்டத்தில் அப்படியொரு தனி விதி இல்லை. இங்கிலாந்து 2022 ஏப்ரலில் குற்றம் சுமத்தாமல் விவாகரத்துக் கேட்கும் முறைக்கே போய்விட்டது. சிங்கப்பூர் 2024 ஜூலையிலிருந்து பரஸ்பர ஒப்புதலை ஒரு காரணமாக ஏற்கிறது. நாம் இன்னும் இங்கிலாந்தின் பழைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் 2018 டிசம்பர் 15 முதல் நமக்கும் சில நல்ல மாற்றங்கள் வந்தன. முன்பு ஒருவர் மட்டும் சம்பாதித்து வாங்கிய சொத்தில் அவருக்கே கூடுதல் பங்கு என்ற போக்கு இருந்தது. இப்போது அந்தப் பேதம் எடுக்கப்பட்டு, வீட்டைப் பார்த்துக்கொண்டதும் பிள்ளை வளர்த்ததும் பங்களிப்பாகக் கணக்கில் வருகின்றன, சமமாகப் பிரிக்கும் பக்கம் நீதிமன்றம் சாய வேண்டும் என்றும் இருக்கிறது. "அவ என்ன சம்பாதிச்சா?" என்று கேட்கும் ஐயாமார்கள் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் செலவும் அப்படித்தான். 18 வயதோடு தகப்பனின் பொறுப்பு முடிந்தது, பல்கலைக்கழகச் செலவு அதில் வராது என்று ஃபெடரல் நீதிமன்றம் 2004இல் சொல்லியிருந்தது. இப்போது மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரை நீட்டிக்க முடியும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானமும் உண்டு. அது அனுமானம்தான், காரணம் காட்டினால் மாறும்.

அதே திருத்தத்தோடு சேர்ந்ததுதான் மதமாற்ற விவகாரம். ஒருவர் இஸ்லாத்துக்கு மாறினால் முன்பு மாறாதவர் மட்டுமே விவாகரத்துக் கேட்க முடிந்தது, இப்போது இருவரில் எவரும் கேட்கலாம். ஈப்போ இந்திரா காந்தி அம்மாவின் வழக்கை இங்கே தெரியாதவர் இருக்க மாட்டீர்கள். 2009இல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதம் இல்லாமல் மாற்றி, கைக்குழந்தையையும் எடுத்துச் சென்றார். பிள்ளைகளின் மதமாற்றத்துக்குத் தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரி 29ஆம் தேதி ஃபெடரல் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதையே சட்டமாக எழுதும் ஒரு செக்‌ஷன் திருத்த மசோதாவில் முதலில் இருந்தது, 2017இல் கழற்றிவிட்டார்கள். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

அடி உதை இருக்கிற வீட்டில் இந்தத் தேர்வெல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் போலீஸ் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட், அடுத்தது மருத்துவமனை. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில், சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட் இடைக்கால ஆணை கொடுப்பார். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணைப் போனில் வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள், புருஷன் போனை நோண்டும் வீடுகளுக்காகச் சொல்கிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, விவாகரத்தும் வேண்டாம், பிரிவாணையும் வேண்டாம், பிள்ளைக்குச் சாப்பாட்டுக் காசு மட்டும் வந்தால் போதும் என்கிறவர்கள். அவர்கள் உயர் நீதிமன்றம் போகத் தேவையில்லை. 1950ஆம் ஆண்டின் மனைவி மக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கீழ் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். காரணமில்லாமல் கணவரோடு வாழ மறுப்பவருக்கு அது கிடைக்காது. ஆகவே ஏன் வெளியே வந்தீர்கள் என்பதற்கு ரிப்போர்ட்டோ மருத்துவச் சீட்டோ பழைய வாட்ஸ்அப்போ கையில் இருக்கட்டும்.

கோயிலில் தாலி கட்டியதோடு நின்று ஜேபிஎன்னில் பதியாதவர்கள் கூட்டத்தில் இருந்தால், உங்களுக்கு முதல் சங்கடம் வாசலிலேயே வரும். நீதிமன்றம் கேட்கும் முதல் தாள் திருமணப் பதிவுச் சான்றிதழ். பதியாத பழக்கவழக்கத் திருமணம் செல்லுமா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. உங்கள் வாழ்க்கையை அந்தச் சந்தேகத்தில் விடாதீர்கள். சேர்ந்து வாழ்கிறபோதே, சண்டை இல்லாத நாளிலேயே போய்ப் பதிந்துவிடுங்கள்.

உயிலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் தெரிவதில்லை. கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்தாகும். ஆனால் விவாகரத்து உயிலை ரத்து செய்யாது. கணவருக்கே எல்லாம் என்று முன்பு எழுதி வைத்திருந்தால், விவாகரத்துக்குப் பிறகும் அது அப்படியே நிற்கும். பிரிவாணை வாங்கினாலும் திருமணம் நிற்கிறது என்பதை மறக்காமல், ஆணை வந்த வாரமே புது உயில் எழுதுங்கள். சேமநிதி வாரியமான கே.டபிள்யூ.எஸ்.பி.யில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். இருபது வயதில் எழுதிக் கொடுத்தது தானாக மாறாது.

லாயரிடம் வரும்போது திருமணச் சான்றிதழ், இருவர் ஐசி நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் தாள், ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் அதுவும் எடுத்து வாருங்கள். நகையின் படமும் எடுத்து வையுங்கள். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவான ஜாபாத்தான் பந்துவான் குவாமானில் கேட்கலாம், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவில் இருக்கிறது. முஸ்லிம் சகோதர சகோதரிகள் யாராவது வந்திருந்தால், உங்களுக்கு ஷரியா நீதிமன்றமும் பேராக்கின் 2004ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் தனி. நான் சொன்ன செக்‌ஷன் எண்களை அங்கே போய்ச் சொல்லாதீர்கள்.

பொதுவான கேள்வி இருந்தால் இப்போது மைக்கில் கேளுங்கள். சொந்த விஷயமாக இருந்தால் மைக் வேண்டாம், டீ குடிக்கும்போது அந்த மேசைப் பக்கம் வாருங்கள். "என் ஃபிரண்டுக்கு" என்று தொடங்கினாலும் சரி, பதில் சொல்கிறேன்.